தலைகீழாய்ப் பிடித்த அட்டை

என் பாக்கியத்துக்கு,

இதை நானே எழுதுகிறேன். நம்புகிறாயா? ஒரு வரி முடிவதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆறின டீ இவ்வளவு ருசியாக இருந்ததில்லை.

நீ இருந்தவரை எனக்கு எழுத்து தேவைப்படவில்லை. பேப்பரானாலும் ஊர்க் கடிதமானாலும் நீ படிப்பாய், நான் கேட்பேன். மெட்ராஸ் ரயிலில் ஒருநாள், எதிர் சீட்டுக்காரர் முன்னால் கௌரவமாக இருக்கட்டுமே என்று வாரப் பத்திரிகையை விரித்துப் பிடித்தேன். நீ கையை நீட்டி அதை நேராகத் திருப்பி வைத்தாய். அப்புறம் விஜயவாடா வரை ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டே வந்தாய்.

நம் மருமகள் விஜயா இப்போது கல்லூரி மாணவி, தெரியுமா? கல்யாணத்தோடு நின்ற படிப்பு. இங்கே தெலுங்குச் சீமையிலேயே அரசுப் பல்கலைக்கழகத்தில் சைக்காலஜி பட்டப்படிப்பு, கடைசி வருஷம். குக்கர் விசிலை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் படிக்கிறாள். அவளைத் தொந்தரவு செய்யவேண்டாம் என்று, நம் ஒர்க்‌ஷாப் பீட்டரிடம் மல்காஜ்கிரி பார்க்கில் உட்கார்ந்து தமிழ் எழுத்து கற்றுக்கொண்டேன். முதல் கடிதம் உனக்குப் போன பிறகுதான் வீட்டில் சொல்வது என்று வைத்திருந்தேன். அங்கேதான் வம்பு.

பிராக்டிகல் பரீட்சைக்கு ஆளையும் நாமே கூட்டிப் போகவேண்டுமாம். அந்த ஆளுக்கு ‘சப்ஜெக்ட்’ என்று பெயர். படிக்கத் தெரிந்த ஒருவர், தெரியாத ஒருவர் என்று விஜயாவுக்கு இரண்டு பேர் வேண்டும். தெரிந்தவராக எதிர்வீட்டுத் தமிழ் டீச்சர். தெரியாதவராக நான். எதற்கு என்று முன்கூட்டிச் சொல்லக்கூடாதாம், நானும் கேட்கவில்லை. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

டீச்சர் முறை முடிந்து நான் உட்கார்ந்தேன். அவளே தமிழில் எழுதிய அட்டையை நீட்டி, “மை என்ன கலர்னு மட்டும் சொல்லுங்க மாமா” என்றாள். பச்சை மையில் சிவப்பு என்று எழுதியிருந்தது. சிவப்பு என்றேன். நீல மையில் மஞ்சள். மஞ்சள் என்றேன். கண் நிறத்துக்குப் போவதற்குள் வாய் எழுத்தைப் படித்துவிடுகிறது. படிக்கத் தெரியாதவனுக்கு எழுத்து குறுக்கே வராதாம், நிறம் மட்டும்தான் வருமாம். என்ன செய்வேன்?

விஜயாவின் முகம் வெளுத்துவிட்டது. “மாமா, உங்களுக்குப் படிக்கத் தெரியுமா?”

“பீட்டர் சொல்லிக்குடுத்தான்மா. கொஞ்சந்தான்.”

“அத இன்னிக்கா சொல்லுவீங்க?”

வெளியூரிலிருந்து வந்திருந்த பரீட்சை மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். வேறு ஆளைத் தேட நேரமில்லை. இது போனால் இன்னொரு வருஷம் காத்திருக்கவேண்டும்.

விஜயா கொஞ்ச நேரம் அட்டையையே பார்த்தாள். பிறகு அதைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தாள். “இப்பச் சொல்லுங்க.”

பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு. தடதடவென்று வந்தது. தலைகீழ் எழுத்து எனக்கு இத்தனை வருஷமும் இருந்த மாதிரியே இருந்தது, பாக்கியம். வெறும் கோடும் சுழியும். பழைய ஆறுமுகமும் புது ஆறுமுகமும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து பரீட்சை எழுதினோம்.

நேராகப் பிடித்தால் படித்தவர், திருப்பிப் பிடித்தால் படிக்காதவர் என்று விஜயா மேடத்திடம் தெலுங்கில் விளக்கினாள். மேடம் சிரித்துவிட்டு, நடந்ததை நடந்தபடியே எழுதச் சொன்னார். போன வாரம் ரிசல்ட் வந்தது. பிராக்டிகலில் அவளுக்கு நல்ல மார்க்.

அன்றைக்கு ஆட்டோவில் வரும்போது, “இனிமே எங்கிட்ட ரகசியம்லாம் நக்கோ மாமா, வேண்டவே வேண்டாம்” என்றாள். கோபமில்லை. வழியில் இருந்த போர்டையெல்லாம் காட்டி, தமிழ்ப் போர்டே இல்லாத ஊரில் தமிழ் கற்ற புத்திசாலி என்று கிண்டல் வேறு. நீயும் அதைத்தான் சொல்லியிருப்பாய், இல்லையா?

நாளையிலிருந்து உன் படத்துக்கு எதிரில் உட்கார்ந்து தினமும் பேப்பர் படித்துக் காட்டுகிறேன். நிறுத்தி நிறுத்தித்தான் வரும், பொறுத்துக்கொள். நேராகத்தான் பிடிப்பேன். இருந்தாலும் நீ ஒரு கண் வைத்துக்கொள்.

உன் வீட்டுக்காரன்,
ஆறுமுகம்