ஜன்னலடிச் சிவப்பு ஓடு

இன்று காலை உலை பொங்கி, கஞ்சி ஜன்னலடிவரை ஓடிவிட்டது. துடைக்கத் துணியை எடுப்பதற்குள், புதுப்பானையில் முதல் தண்ணீர் ஊற்றினால் எழுமே, அந்த வாசனை வந்துவிட்டது. நீ போய் இத்தனை காலமாகியும் தரையில் பதித்த அந்தச் சிவப்பு ஓட்டுக்குத் தாகம் அடங்கவில்லை. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

க்ஷயம் என்று தெரிந்ததும் உன் புகுந்த வீட்டார் உன்னை நஞ்சன்கூட்டிலிருந்து வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார்கள். உன் அண்ணா, அதுதான் என் வீட்டுக்காரர், அதற்குள் பின்னறையைத் தயார் செய்துவிட்டார். மைசூரில் அப்போது வீடு கட்டுகிற எல்லாருக்கும் பீங்கான் ஓட்டுப் பைத்தியம். நம் கூடத்துக்குப் பூப்போட்ட ஓடு, வருகிறவர்கள் பார்க்க. சமையலறைக்குச் சுட்ட மண்ணின் சிவப்பு ஓடு, அங்கே யார் பார்க்கப் போகிறார்கள்? உனக்குத் தரையிலும் சுவரிலும் வெள்ளைப் பளபளப்பு. "கறையே ஒட்டாது, ஒரு வாளி தண்ணி ஊத்தினா போதும்னு டாக்டரே சொல்லிட்டார்" என்று பெருமை பேசித் திரிந்தார்.

கறை ஒட்டாதுதான். ஆனால் ஒரு சொட்டு விழுந்தாலும் கூப்பிட்டுக் காட்டும். நீ இருமிவிட்டு முதலில் தரையைப் பார்ப்பாய், அப்புறம் என் முகத்தை. ஈரம் பட்டால் வழுக்கும் என்று சுவரைப் பிடித்து நடந்தாய், சுவரும் வழுக்கியது. "பிடிச்சுக்க ஒண்ணுமே இல்லை அண்ணி இந்த ரூம்ல" என்றாய். பணிவிடைக்கென்று என்னையும் உன்னோடு விட்டுக் கதவைச் சாத்தினார்கள். ஜன்னலைத் திறக்கவும் தடை. இருமல் பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடுமாம்.

வெள்ளை ஓடு ஒன்று குறைந்துபோனதால், ஜன்னலடியில் மட்டும் சமையலறையில் மிஞ்சிய சிவப்பு ஓட்டைப் பதித்திருந்தார் மேஸ்திரி. உன் அண்ணாவுக்கு அது கண்ணில் உறுத்தல். நீயோ மருந்துத் தம்ளரில் மிஞ்சின தண்ணீரை அதில்தான் ஊற்றுவாய். வெள்ளை ஓட்டில் முத்து முத்தாய் நிற்கிற தண்ணீர், அதில் உடனே உள்ளே போய்விடும். அதன்மேல் வெறுங்காலோடு நின்று, "இதுல மட்டும்தான் கால் நிக்குது அண்ணி. வெளியில நிக்கற மாதிரி இருக்கு" என்பாய். "ஜன்னலைத் திறந்தா இங்கேருந்து மலை தெரியுமா?" என்றும் கேட்பாய். எனக்கும் தெரியாது. உன் அண்ணாவிடம் போய்க் கெஞ்சினேன். "ஊருக்கே தம்பட்டம் அடிக்கணுமா?" என்றார். மூடிய ஜன்னலைப் பார்த்தபடியே நீ போய்ச் சேர்ந்தாய். எனக்கு இன்னும் ஆறவில்லை.

உன் காரியங்கள் முடிந்ததும் எனக்கு அந்த அறையிலிருந்து விடுதலை என்று நினைத்தேன். என்ன ஆயிற்று தெரியுமா? பினாயில் ஊற்றிக் கழுவி, அதையே சமையலறை ஆக்கிவிட்டார். "இத்தனை நல்ல ஓடு வீணாக் கிடக்கு. எண்ணெய்ப் பிசுக்கே பிடிக்காது பாரு!" விடிந்தால் உள்ளே போகிறேன், விளக்கை அணைத்துவிட்டுத்தான் வெளியே வருகிறேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் வெள்ளைச் சுவரில் என் நிழல். ஜன்னல் மட்டும் இப்போது நாள் முழுக்கத் திறந்திருக்கிறது, புகை போகவேண்டுமே! புகைக்குக் காட்டின தயவை உனக்கும் காட்டியிருக்கலாம்.

மத்தியானம் மேஸ்திரி வந்தார். மஞ்சளும் புளியும் குடித்து உன் ஓடு கறைபட்டுக் கிடக்கிறதாம். உன் அண்ணா எங்கேயோ தேடி அதே வெள்ளையில் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறார். "கொஞ்சம் தள்ளிக்குங்கம்மா" என்றார் மேஸ்திரி. இத்தனை நாளும் மிதிக்க மனம் வராமல் சுற்றிப் போன அந்தச் சிவப்பு ஓட்டின்மேல் நான் ஏறி நின்றுகொண்டேன்.

"என்ன அங்கே சத்தம்?" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது.

"இந்த ஓட்டை எடுத்தா, நாளையிலேருந்து கூடத்துலதான் அடுப்பு மூட்டுவேன்" என்றேன்.

உன் அண்ணாவிடம் நான் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. மேஸ்திரி சாந்துச் சட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் விட்டுப்போன வெள்ளை ஓட்டை மோர்ப்பானைக்கு மூடியாகப் போட்டிருக்கிறேன்.

நான் எங்கும் போய்விடவில்லை. அதே அறைதான், அதே கதவுதான், அடுப்பில் ராத்திரிக் குழம்பு கொதிக்கிறது. இரண்டு காலையும் உன் ஓட்டில் ஊன்றிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நிற்கிறேன். தெரிகிறதடி, மலை.