சவரியின் பருப்பு

பல்லேகல, வெள்ளி இரவு

கை இன்னும் எரிகிறது. தூக்கம் வரவில்லை.

செலவைக் குறைக்க வேண்டுமென்று எங்கள் இராணுவ முகாமின் குசினி வேலையை அரசாங்கம் டெண்டருக்கு விட்டுவிட்டது. இவ்வளவு காலமும் சமைத்த நாங்கள் ஒரு பக்கம், தனியார் கம்பெனி ஒன்று மறுபக்கம். இன்று இரு பக்கமும் பகல் சாப்பாடு சமைத்துக் காட்டினோம்.

கம்பெனிக்காரர்களின் பருப்பை ஒரு வாய் வைத்துப் பார்த்தேன். செத்தல் மிளகாயைக் கருக்கி, மாசிக் கருவாட்டை இடித்துப் போட்ட தாளிப்பு. அது சவரியின் கை. எங்களோடு சமைப்பவன், என் தங்கை புருஷன். காய்ச்சலென்று இன்று லீவு போட்டவன்.

அவர்களுடைய வேனுக்குப் பின்னால் கிடாரம் கழுவிக்கொண்டிருந்தான்.

"கோவப்படாதீங்க மச்சான். ஒங்களுக்கும் சேத்துத்தான் அவங்ககிட்ட வேல கேட்டிருக்கேன்."

அடுப்பு விறகை உருவி அடித்தேன். விழுந்த பிறகும் அடித்தேன். தலையை மறைத்த கை முறிந்த சத்தம் கேட்டது. அப்போதும் நிறுத்தவில்லை. நாய். எங்கள் ஆட்கள்தான் என்னை இழுத்துப் பிடித்தார்கள்.

வழுக்கி விழுந்ததாக டாக்டரிடம் சொல்லியிருக்கிறான்.

பின்னேரம் முடிவு வந்தது. வேலை கம்பெனிக்குத்தான். அந்தப் பருப்பை எல்லோரும் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார்களாம்.

கண்டி ஆஸ்பத்திரி வாசலில் கம்பெனி சூப்பர்வைசர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"அவன் கை சரியாக நாளாகும். ஒனக்கு அந்தப் பருப்பு வைக்க வருமா?"

என் சட்டையில் அவன் இரத்தம் காய்ந்து ஒட்டியிருந்தது.

வரும் என்றேன்.