சிகாகோவில் அன்று அவருக்குத் தெரியுமா

பியூட்லி,
20 பிப்ரவரி 2011

அன்புள்ள டெஸ்ஸா,

நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் நியூசிலாந்தில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் நலம். அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. செவர்ன் ஆறு இந்த வருஷம் நம் தெருவுக்குள் வராமல் கரையோடு போய்விட்டது. எதிர்வீட்டு மார்ஜரி மட்டும் மணல் மூட்டைகளை இன்னும் வாசலிலிருந்து எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனில், ‘ஏம்மா உன் குரல் ஒரு மாதிரி இருக்கு?’ என்று கேட்டாய். ஒன்றுமில்லை என்றேன். அப்பா எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். அதனால்தான் எழுதுகிறேன். கிளைவ் டாரன்ட் நம் வீட்டுக்கு வந்திருந்தான்.

உனக்குப் பாதி தெரிந்த கதைதான். ஆனால் என் தலை குழம்பிக் கிடக்கிறது. முதலிலிருந்து எழுதினால் எனக்காவது தெளியுமோ என்று பார்க்கிறேன்.

எழுபத்தொன்றில் அந்த மூன்று பேரும் மூன்று வேறு குழுக்களில் பெரிய பெயர் வாங்கியவர்கள். கிளைவ் கிதார். நெவில் ஆஷ்பி பாட்டும் பேஸ் கிதாரும். உன் அப்பா டிரம்ஸ். இப்படி மூன்று பெரும்புள்ளிகள் ஒன்றாகச் சேர்ந்தால் வானமே இடியும் என்று பத்திரிகைகள் எழுதின. வானம் இடியவில்லை. யார் பெயரை முதலில் போடுவது என்ற சண்டைதான் வந்தது. கடைசியில் ‘டாரன்ட் ஆஷ்பி பிரிக்ஸ்’ என்று முடிவாயிற்று. அப்பாதான் சிரித்துக்கொண்டே, ‘எம்பேரு கடைசியிலேயே இருக்கட்டும்டா, கடைசியா வர்ற பேருதான் ஜனங்க வாயில நிக்கும்’ என்று விட்டுக்கொடுத்தார். மற்ற இரண்டு பேருக்கும் நடுவே அவர் பாலமாக இருந்தார் என்று எல்லோரும் புகழ்வார்கள். பாலத்தை மிதித்துக்கொண்டுதானே நடப்பார்கள்.

எழுபத்தாறில் அவர்கள் அமெரிக்காவில் இருந்தபோது அப்பாவின் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து டட்லி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வாய் ஒரு பக்கம் கோணி, ‘லெஸ்லி எங்க, லெஸ்லி எங்க’ என்று கேட்டுக்கொண்டே கிடந்தார். நீ என் இடுப்பில் இருந்தாய். சிகாகோ ஓட்டலுக்கு நான்தான் போன் போட்டேன். அப்பா அறையில் இல்லை. லைன் ஒரே இரைச்சல். ஒரு ஆண் குரல், ‘நான் சொல்லிடறேன் டோரின், நீ கவலைப்படாதே’ என்றது. மறுநாள் அங்கே பெரிய கச்சேரி. அதை அப்படியே ரெக்கார்டு போட ஏற்பாடு செய்திருந்தார்கள். அப்பா அந்தக் கச்சேரியை வாசித்து முடித்துவிட்டுத்தான் விமானம் ஏறினார். வந்து சேர்ந்தபோது அவர் அம்மா போய்விட்டிருந்தார். பெட்டியைக் கூடக் கீழே வைக்காமல் நின்றுகொண்டு அப்பா சொன்னார்: ‘கிளைவ் எங்கிட்ட சொல்லவே இல்ல டோரின். எல்லாம் முடிஞ்சப்புறம்தான் சொன்னான்.’

அன்றோடு குழு உடைந்தது. பெயர்ச் சண்டை என்றும், நெவிலின் குடி என்றும் பத்திரிகைகள் என்னென்னவோ எழுதின. அப்பா வாயே திறக்கவில்லை. குச்சிகளைக் கட்டிப் போட்டுவிட்டு, கண்ணாடிக் கொட்டகை போட்டுத் தக்காளிச் செடி விற்றார். அதில்தானே நீ வளர்ந்தாய். மற்ற இருவரும் ஆளுக்கொரு கூலி டிரம்மரை வைத்துக்கொண்டு, நான்தான் உண்மையான குழு, நான்தான் உண்மையான குழு என்று இத்தனை காலமும் கோர்ட்டுக்கு அலைந்தார்கள்.

உலகம் இன்றும் கொண்டாடுவது அந்த சிகாகோ ரெக்கார்டைத்தான். அதில் அப்பா தனியாக வாசிக்கும் இடத்தைக் கேட்டுத்தான் டிரம்ஸ் பிடித்தேன் என்று எத்தனையோ பேர் நம் வாசலில் வந்து நின்றிருக்கிறார்கள். நான் அந்தத் தட்டை வீட்டுக்குள் விட்டதில்லை. தாய் சாகக் கிடப்பது தெரியாமல் மகன் வாசித்ததை எப்படிக் காது கொடுத்துக் கேட்பேன்?

அந்தக் கிளைவ்தான் போன வாரம் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். கிழவனாகிவிட்டான். பர்மிங்ஹாமில் மூன்று பேரும் சேர்ந்து ஒரே ஒரு கச்சேரி செய்ய யோசனையாம். லெஸ் வந்தால்தான் நானும் வருவேன் என்று நெவில் சொல்லி அனுப்பியிருக்கிறானாம். கதவைச் சாத்தப் போனேன். அதற்குள் அப்பா பின்னாலிருந்து வந்துவிட்டார்.

‘டேய் கிளைவ்! எங்கடா தொலைஞ்சு போயிருந்த? தலையில இருந்த காட்டை எவன்டா வெட்டினான்?’ என்று கேட்டு அவனை அப்படியே கட்டிக்கொண்டார்.

டெஸ்ஸா, நம் வீட்டில் யாரும் சொல்லக்கூடாத பெயர் அது. தக்காளிச் செடிக்கு எந்த உரம் என்பதையும், காலையில் சாப்பிட்டோமா என்பதையும் போலவே, அந்தக் கோபத்தையும் அப்பா எங்கேயோ வைத்துவிட்டு மறந்துபோனார். கிளைவ் அப்பாவின் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்துக்கொண்டு அழுதான். ‘மன்னிச்சுட்டான் டோரின், அவன் என்னை மன்னிச்சுட்டான்’ என்றான். மன்னிப்பு இல்லையப்பா, மறதி என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் டீ போட்டுக் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. அப்பாவுக்குப் பதிலாகக் கோபத்தை நான் காப்பாற்றிக்கொண்டிருக்க வேண்டுமா? அவரே இறக்கி வைத்துவிட்ட சுமை அல்லவா அது?

அப்பா குச்சிகளைத் தேடி வீட்டையே கலைத்துப் போட்டிருக்கிறார். வாசிக்கட்டும், நல்லதுதான் என்கிறார் டாக்டர். உன் யோசனையை எழுது.

அன்புடன்,
அம்மா


பியூட்லி,
12 ஜூன் 2011

அன்புள்ள டெஸ்ஸா,

உன் கடிதம் வந்தது. ‘அப்பாவைக் காட்சிப்பொருளாக்காதே’ என்று எழுதியிருந்தாய். உன் கோபத்தில் நியாயம் உண்டு. உனக்குப் பதில் எழுதாமலே நான் சம்மதித்துவிட்டேன். நடந்ததைச் சொல்கிறேன், பிறகு திட்டு.

ஒத்திகையை நம் செடிக் கொட்டகையிலேயே வைத்துக்கொண்டோம். புது இடம் என்றால் அப்பா மிரண்டு போகிறார். நெவில் கைத்தடியோடு வந்தான். குடியை விட்டுப் பல வருஷமாம். அவனும் கிளைவும் முகம் பார்த்துப் பேசுவதில்லை. ‘அவன்கிட்ட சொல்லு டோரின், என் தொண்டை இப்ப அந்த உயரத்துக்கு ஏறாது, ரெண்டு படி இறக்கி வாசிக்கணும்’ என்பான் நெவில். ‘இறக்கினா அது என் பாட்டே இல்லன்னு அவன்கிட்ட சொல்லு’ என்பான் கிளைவ். ஏழடி தள்ளி உட்கார்ந்திருக்கும் இரண்டு பேருக்கு நான் தபால்காரி. முதல் நாளே நெவில் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்ப எழுந்துவிட்டான்.

அப்போது அப்பா டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து, ‘ஏன்டா, நாம மூணு பேரும் சேர்ந்து ஒரு குழு ஆரம்பிச்சா என்ன? ஊரே மிரண்டுடும்டா’ என்றார்.

கிளைவ்தான் மெதுவாக, ‘என்ன பேரு வைக்கலாம் லெஸ்?’ என்று கேட்டான்.

‘உங்க ரெண்டு பேர் பேரையும் போட்டா அடிச்சுக்குவீங்க. பிரிக்ஸ், பிரிக்ஸ் அண்ட் பிரிக்ஸ்னு வச்சுடலாம்.’

நெவில் சிரிக்க ஆரம்பித்தவன், சிரிப்பு முடியுமுன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். கோட்டைக் கழற்றினான். கிளைவ் கம்பிகளை இறக்கிச் சுருதி வைத்தான். அப்பா கை தூக்கினார். டெஸ்ஸா, ஷூ கயிறு கட்டத் தெரியாத மனிதர். ஆனால் அந்தக் கைகளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

இப்போது நான் சொல்லவேண்டிய இடத்துக்கு வருகிறேன். ஒரு நாள் ஒத்திகை முடிந்து கிளைவ் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். எனக்குப் பொறுக்கவில்லை. சிகாகோவில் ஏன் அப்படிச் செய்தாய் என்று நேராகவே கேட்டுவிட்டேன். அவன் துடைப்பதை நிறுத்தினான்.

‘நான் சொன்னேன் டோரின். நீ போன் பண்ணின அஞ்சாவது நிமிஷம் அவன் வந்தான், சொல்லிட்டேன். கட்டில்ல உக்காந்து ரொம்ப நேரம் கையையே பாத்துட்டு இருந்தான். நாளைக்கு வாசிச்சுட்டுப் போறேன், டோரின்கிட்ட மட்டும் நீ எங்கிட்ட சேதி சொல்லலைன்னு சொல்லிடு, அவ தாங்கமாட்டான்னு சொன்னான். சரின்னேன். ஒரு வாரத்துக்கோ ஒரு மாசத்துக்கோன்னு நினைச்சேன். முப்பத்தஞ்சு வருஷம்னு நினைக்கல.’

அப்படியானால் இத்தனை காலமும் ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்டேன். ‘அவன் சொல்லுவான்னு இருந்தேன்’ என்றான். ‘இப்ப அவனால சொல்ல முடியாது.’

பொய்யன் என்று கத்தினேன். துடைத்த கோப்பையை எடுத்து மறுபடியும் துடைத்தான்.

நெவிலிடம் கேட்டேன். ‘நான் அறையில இருந்தேனான்னே எனக்குத் தெரியாதும்மா. அந்த ஊரே எனக்கு ஞாபகம் இல்ல’ என்றான். அந்தக் கச்சேரியில் பாடியவன் அவன்.

ஆக, உலகத்தில் இதற்குச் சாட்சி உன் அப்பா ஒருவர்தான். மறுநாள் காலை ஆற்றங்கரையில் நடக்கும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்: ‘லெஸ், உங்க அம்மாவுக்கு உடம்பு சரியில்லன்னு சிகாகோவுல கிளைவ் உங்கிட்ட சொன்னானா?’

அவர் நின்றார். அன்னங்களைப் பார்த்துக்கொண்டே வெகு நேரம் யோசித்தார். பிறகு, ‘அம்மாவுக்குக் கச்சேரியில பாதியில எழுந்து போறது பிடிக்காது. டிக்கெட் வாங்கினவங்க பாவம்பா’ என்றார். இன்னும் ஏதோ வரும் என்று காத்திருந்தேன். ‘அம்மாவுக்கும் ஒரு இஞ்சி பிஸ்கட் வாங்கிட்டுப் போலாம்’ என்றார்.

இதை நான் எப்படி எடுத்துக்கொள்வது? அது பதிலா, வெறும் ஞாபகத் துணுக்கா? வீட்டுக்கு வந்து, மார்ஜரியின் மகனிடமிருந்து அந்த சிகாகோ ரெக்கார்டைக் கடன் வாங்கி முதல் முறையாகக் கேட்டேன். அப்பா தோட்டத்தில் இருந்தார். அந்தத் தனி வாசிப்பை மறுபடி மறுபடி போட்டேன். தெரிந்துதான் வாசிக்கிறார், அம்மாவுக்காகவே வாசிக்கிறார் என்று ஒரு முறை தோன்றுகிறது. இன்னொரு முறை கேட்டால், ஒரு கவலையும் இல்லாத இளைஞன், கூட்டத்தைப் பார்த்துக் குஷியில் வெளுத்துக் கட்டுகிறான். அதே தட்டு, அதே கை. யாரை வெறுப்பது என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரு வாழ்க்கையை வாழ்ந்துவிட்டேன் டெஸ்ஸா. கிளைவ் சொல்வது உண்மையென்றால், என்னோடு ஒரே மேசையில் சாப்பிட்டவர், தன் மேல் எனக்கு வரவேண்டிய கோபத்தை இன்னொருவன் மேல் ஏற்றிவிட்டுச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பொய்யென்றால், ஒரு நோயாளியின் மறதியில் கிளைவ் தன் கையைக் கழுவிக்கொள்கிறான். இரண்டில் எதை நம்பினாலும் ஒருவர் என் கையை விட்டுப் போகிறார்.

கச்சேரி போன மாதம் ஒரு சனிக்கிழமை நடந்தது. ஐந்து பாட்டுக்கு மேல் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். நான் மேடை ஓரத்தில் நின்றேன். முதல் நான்கு பாட்டும் குறையில்லாமல் போயின. ஐந்தாவது முடியவேண்டிய இடத்தில் அப்பா நிறுத்தவில்லை. முடிவு அவருக்கு மறந்துவிட்டது. வாசித்துக்கொண்டே இருக்கிறார். முகத்தில் மெல்லப் பயம் வருவது எனக்குத் தெரிகிறது, கூட்டத்துக்குத் தெரியவில்லை. நான் மேடைக்குள் கால் வைக்கப் போனேன். கிளைவ் கையை ஆட்டி என்னைத் தடுத்தான். கூட்டத்துக்கு முதுகைக் காட்டி அப்பாவுக்கு எதிரே போய் நின்று, அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே கூட வாசித்தான். நெவில் முதல் அடியை மறுபடி எடுத்தான், மறுபடியும் எடுத்தான், தொண்டை கிழியும் வரை பாடினான். அப்பா முகத்திலிருந்து பயம் போய்விட்டது. கைகள் தாமாகவே ஓய்ந்தபோது மூன்று பேரும் சேர்ந்து நிறுத்தினார்கள். பாட்டுக்குப் புது முடிவு கண்டிருக்கிறார்கள் என்று ஒரு பத்திரிகை பாராட்டி எழுதியிருக்கிறது.

அரை மணி நேரம் கழித்துக் கார் நிறுத்துமிடத்தில் கிளைவும் நெவிலும், முடிவுக்கு யார் சைகை காட்டினார்கள் என்று கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தார்கள். அப்பா காரில் உட்கார்ந்து சான்ட்விச் சாப்பிட்டார். ‘யாரு டோரின் அவங்க? நல்லா சண்டை போடறாங்க’ என்றார்.

இப்போது ஒவ்வொரு வியாழக்கிழமையும் கிளைவ் வருகிறான். அப்பாவை ஆற்றங்கரைக்கு அழைத்துப் போகிறான். முகச்சவரம்கூடச் செய்துவிடுகிறான். நான் கதவைத் திறக்கிறேன். ‘வா’ என்று மட்டும் இன்னும் வாயில் வரவில்லை. மேடையில் அவன் நின்ற நிற்பைப் பார்த்தபின், போகச் சொல்லவும் வாய் வரவில்லை.

டெஸ்ஸா, கிறிஸ்துமஸுக்கு வருவதாகச் சொன்னாய். டிக்கெட் விலையும் பிள்ளைகளின் பள்ளியும் எனக்குத் தெரியும். முடிந்தால் அதற்கு முன்பே வா. போன மாதம் வரை உன் படத்தைக் காட்டினால் பெயர் சொல்வார். இப்போது ‘அழகான பொண்ணு’ என்கிறார். அதுவும் உண்மைதான் என்று நான் சொல்லிவிடுகிறேன். நீ வந்து நிற்கும்போது யாரென்று கேட்டால் முகம் வாடாதே, பெயரைச் சொல்லிக் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார். எனக்கும் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும்.

குழந்தைகளுக்கு என் முத்தம். கடவுள் உங்கள் எல்லோரையும் நல்ல சுகத்தோடும், நல்ல ஞாபகத்தோடும் வைத்திருக்கட்டும்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
அம்மா