பூட்ஸில் வெள்ளை, பாதத்தில் கறுப்பு

டெனிஸ்,

பட்டாணி சூப் அடுப்புல இருக்கு. திரும்பி வந்து சேர்ந்து சாப்பிடுவோம். உங்க அக்கா மத்தியானம் வந்தா, நேத்துச் சண்டையை உளறி வைக்காதே.

"நான் சோம்பேறியா? தினமும் பார்லியோட சுண்ணாம்புக் குன்று ஏறிட்டுத்தான் வர்றேன்"னு கத்தினியே. உன் பூட்ஸ்ல வெள்ளையாத்தான் ஒட்டியிருக்கு. ஆனா இப்பத்தான் நம்ம நாய் பார்லியோட பாதத்தைத் துடைச்சேன். அத்தனையும் ஆத்தங்கரைக் கறுப்புச் சேறு! சுண்ணாம்புக் கட்டியை எங்கே பொறுக்கித் தேய்ச்சே, திருடா?

குன்று ஏற முட்டி வலிக்குதுன்னு சொல்லியிருந்தா நான் கத்தியிருப்பேனா?

நானும் பார்லியும் ஆத்தங்கரையில, வேலி தாண்டுற மரப்படிகிட்ட உட்கார்ந்திருப்போம். எழுந்ததும் மெதுவா வா.

ஜூன்

பி.கு.: என்னாலயும் அந்தக் குன்று ஏற முடியல. ஞாயித்துக்கிழமையெல்லாம் உன்கூட ஏறினது உனக்காகத்தான்.