உன் கண்ணீர் அஞ்சலியும் கடைசிப் பாட்டும்

அன்புள்ள தேஜுக் கண்ணுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நம் பனியன் கம்பெனியில் ஓடுகிற மெஷின்களும் சுகம், அங்கே டொராண்டோவில் நீயும் உன் கிடாரும் காலுக்குள் வைத்த கம்பியும் சுகமாக இருக்க முருகன் துணை. போனில் சொன்னால் சிரித்தே என் வாயை அடைத்துவிடுவாய், அதனால்தான் பனியன் பார்சலுக்குள் இந்தக் கடிதத்தை வைக்கிறேன்.

உன் பாட்டு ஆல்பத்தைப் பார்த்தேன். போன வருஷம் பனியில் கார் சறுக்கி நீ நினைவில்லாமல் கிடந்தபோது, வெண்டிலேட்டர் என்ற சொல்லைக் கேட்டதுமே உன் திருமூர்த்தி பெரியப்பா நம் ஊர் மண்ணரை முக்கில் உனக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டிவிட்டார். மறுநாளே நீ கண் விழித்தாய், நானே போய் அதைக் கிழித்தேன். அதற்குள் எவனோ போட்டோ எடுத்து உனக்கு அனுப்ப, நீ அதையே அட்டைப்படமாக்கி ஆல்பத்துக்குப் பேரும் கண்ணீர் அஞ்சலி என்றே வைத்திருக்கிறாய். உனக்குப் பைத்தியமா? போகட்டும், வேறு படமாவது கிடைக்கவில்லையா, அந்தப் பேனரில் இருப்பது பெரியப்பா மகள் ஜனனி கல்யாணத்தில் நீ லட்டை வாயில் அடைத்துக்கொண்டு நின்றது. பெரியப்பாவுக்கு வெட்கம் வந்திருக்கும் என்று நினைக்காதே. "ஏனம்மிணி, நம்ம பேனரு லோகம் பூரா போவுதாமா, அடியில எம்பட பேரு தெரியுதா?" என்று என்னிடமே கேட்கிறார்.

பாட்டுகளைக் கம்பெனி ஸ்பீக்கரில் போட்டேன். முதல் பாட்டுக்கு, மெஷின்தான் ரிப்பேர் என்று டெய்லர் எழுந்து வந்துவிட்டார். ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைத் திட்டின பாட்டு நன்றாக இருந்தது. அடுத்ததில் என்னை இழுத்திருக்கிறாய், மூக்கில் குழாயோடு கிடந்தவளிடம் சாப்பிட்டாயா என்று கேட்ட அம்மா என்று. விசா கிடைக்காமல் இங்கே உட்கார்ந்திருந்தவள் வேறு என்னத்தைக் கேட்பாள்? உன் அப்பா அந்த ஒரு வரியை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுச் சிரிக்கிறார், அவருக்கு இரண்டு நாள் ரசம் மட்டும்தான்.

கடைசிப் பாட்டுக்கு அவரும் சிரிக்கவில்லை. விளக்கை அணைத்தால் மறுபடி கண் திறக்க மாட்டேனோ என்று விடிய விடிய உட்கார்ந்திருப்பதாகப் பாடுகிறாய். கூப்பிட்டுக் கேட்டால், பாட்டுக்காக எழுதினது அம்மா என்கிறாய். யாரிடம் கதை விடுகிறாய்? வாராவாரம் கேட்டேன், வாராவாரம் நன்றாகத் தூங்குகிறேன் என்றாய். நீ தூங்காதது டிக்கெட் வாங்கிப் பாட்டுக் கேட்க வந்தவனுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது, பெற்றவளுக்குத் தெரியவில்லை. எனக்குக் கோபமெல்லாம் அதில்தான், பேனரில் இல்லை. பயமாகவும் இருக்கிறது கண்ணு.

அங்கே டாக்டரைப் பார், பயம் என்று சொல்லக் கூச்சப்படாதே, உலகத்துக்கே மைக் வைத்துச் சொன்னவளுக்கு என்ன கூச்சம். தலைக்கு எண்ணெய் வை. பனியனில் இரண்டு கொஞ்சம் சாயம் போகும், தனியாகத் துவை. நூறு வயது இருந்து, உன் பெரியப்பா கட்டுகிற பேனரையெல்லாம் கிழித்துப் போட வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன்.

ஒன்று மட்டும் மறக்காதே. உனக்கு ராத்திரி என்றால் எனக்குக் கம்பெனி நேரம். படுக்கும்போது கூப்பிடு, பேசக்கூட வேண்டாம், போனைத் தலைமாட்டில் வைத்துவிட்டு விளக்கை அணை. உனக்கு மூச்சு வருகிறதா என்று நான் பார்த்துக்கொள்கிறேன், நீ தூங்கு.

இப்படிக்கு,
உன் அம்மா