தூங்கும்போது எவ்வளவு குடிக்குது

மார்ச் 4

மச்சானுக்கு,

நலமான்னு கேக்க மாட்டேன். நீங்களும் கேக்காதீங்க.

போர்டு வரைபடம் வந்துச்சு. பிரிச்சுப் பார்த்தா, உங்க தங்கச்சி தேர்ந்தெடுத்த ப்ராசசரைக் காணோம். அவ வச்ச இடத்துல வேற சிப்பு உக்காந்திருக்கு. யாரைக் கேட்டு மாத்தினீங்க? அவளை அனுப்பிட்டு நான் சுவரைப் பார்த்துக்கிட்டு இருந்த நேரத்துல உங்களுக்கு இந்த வேலைதான் கிடைச்சுதா?

"எட்டு மடங்கு வேகம்"னு எழுதியிருக்கீங்க. வேகத்தை வச்சு நாக்கு வழிக்கவா? நாம செய்யறது, தனியா இருக்கற வயசானவங்க கழுத்துல மாட்டிக்கற கருவி. நாள் பூரா தூங்கணும். அவங்க கீழ விழுந்தா மட்டும் முழிச்சு, பிள்ளைங்களுக்குச் சொல்லணும். தூங்கும்போது எவ்வளவு கரண்ட் குடிக்குதுங்கறதுதான் பேச்சே. உங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்ததே அவதான்.

உங்க சிப்பு இருக்கற சோதனை போர்டை வாங்கி அளந்துட்டேன். போட்டோ வச்சிருக்கேன், பாருங்க. ஒரு வருஷம் வர வேண்டிய பேட்டரி ஒரு வாரம் தாங்காது. அதுக்கப்புறம் விழறவங்க விழுந்தே கிடக்கட்டுமா?

அவ சிப்பைத் திரும்பப் போடுங்க. இல்லன்னா என்னை ஆளை விடுங்க.

— உங்க தங்கச்சி புருஷன்

மார்ச் 7

மாப்ள,

போன் எடுக்க மாட்டேங்கறே. கதவைத் தட்டினா திறக்க மாட்டேங்கறே. அதான் இதைக் கதவுக்கடியில தள்றேன்.

பாப்பா தேர்ந்தெடுத்த சிப்பைத் தயாரிக்கறவங்களே நிறுத்திட்டாங்க. அவ ஆஸ்பத்திரியில கிடந்தப்போ சேதி வந்துச்சு. உன்கிட்ட எந்த வாயால சொல்லச் சொல்றே?

அப்புறம், நீ அளந்த லட்சணம்! போட்டோவுல போர்டு மேல சிவப்பு விளக்கு ஜம்முனு எரியுது. அதைப் பிடுங்காம அளந்தா, விளக்கு குடிக்கறதும் சேர்ந்துதானே வரும்? முதல் வருஷப் பசங்க பண்ற தப்புடா இது. புது போர்டு வந்தா பாப்பா டீயைக்கூடத் தொட மாட்டா, முதல்ல அந்த விளக்கைத்தான் பிடுங்குவா. கூடவே இருந்து என்னத்தப் பார்த்தே?

உனக்கு மட்டும்தான் அவ செத்துப் போனான்னு நினைக்காதே. என்கூடப் பிறந்தவ அவ.

— மச்சான்

மார்ச் 8

மச்சான்,

விளக்கைப் பிடுங்கிட்டு அளந்தேன். திரும்பத் திரும்ப அளந்தேன். உங்க சிப்பு அவ சிப்பு அளவுக்குத்தான் குடிக்குது. பேட்டரி ஒரு வருஷம் தாராளமா வரும்.

எனக்கு ஆத்திரம் அடங்கல. மட்டமா இருக்கணும், மட்டமா இருக்கணும்னு வேண்டிக்கிட்டேதான் ஒவ்வொரு தடவையும் அளந்தேன். அவ வச்ச இடத்துல வேற எதுவும் உக்காரக் கூடாதுன்னு இருந்துச்சு. இது கச்சிதமா உக்காந்து தொலைச்சிருச்சு.

சரி, அதையே போடுங்க. வரைபடத்துல கையெழுத்துப் போட்டுட்டேன்.

திங்கக்கிழமை வேலைக்கு வர்றேன். எவனாவது ஆறுதல் சொல்ல வாயைத் திறந்தா அப்படியே திரும்பிப் போயிடுவேன், சொல்லி வைங்க. நீங்க வேணா இன்னும் நாலு திட்டு திட்டுங்க. வீட்ல திட்ட ஆள் இல்ல.

— மாப்ள