இரண்டாவது கிண்ணம்

அக்டோபர் 3, 2000, செவ்வாய். ரிச்சர்ட்சன், டல்லாஸ் பக்கம்

நீண்ட யோசனைக்குப் பிறகு இன்று ஒரு முடிவெடுத்தேன். இனிமேல் தயிர்சாதத்தை ஜப்பான்காரர்கள் மாதிரி இரண்டு குச்சியால் சாப்பிடுவது. சாப்பாட்டு மேஜையில் ஷ்யாமளாவிடம் முறைப்படி அறிவித்தேன். அவள் மாவடுவை என் பக்கம் நகர்த்திவிட்டு, "டிவிய ஆஃப் பண்ணட்டுமா?" என்றாள். வரலாற்றுத் தருணங்களுக்கு இப்படித்தான் வரவேற்பு கிடைக்கும்.

காரணத்தையும் எழுதிவைக்கிறேன். காரணம் சபரிநாதன். ஆபீஸில் எனக்கு அடுத்த க்யூபிக்கிள், ஈரோட்டுக்காரன். போன மாதம் கம்பெனி அவனை ஒரு வாரம் ஒசாகாவுக்கு அனுப்பியது. அங்கே எங்கள் கஸ்டமர் ஹிராயமா அவனைக் கியோட்டோவுக்கு அழைத்துப்போய் கைசெகி என்ற விருந்து கொடுத்தாராம். சனிக்கிழமை சபரி வீட்டில் நாங்கள் எல்லோரும் அந்த விருந்தைக் காதால் சாப்பிட்டோம்.

"ஒண்ணொண்ணா வருமுங்க. ஒரு தட்டுல ஒரே ஒரு பூசணித் துண்டு, மேல ஒரு இலை. மொதல்ல அதைப் பார்த்துட்டே இருக்கோணும். அப்புறந்தான் சாப்பிடோணும். சோறு கடைசில, ஊறுகாயோட. சோறு வந்துருச்சுன்னா விருந்து முடிஞ்சுதுன்னு அர்த்தம்."

எங்கள் கூட்டத்தில் சோறு வந்தால்தான் ஆரம்பம். ஆனாலும் எல்லோரும் தலையாட்டினார்கள். ஜப்பானில் எதைத் தொட்டாலும் காய்ந்த மீனைக் கொதிக்கவைத்த சாறு இருக்கும், இவனுக்காகக் கடற்பாசிச் சாற்றில் தனியாகச் சமைத்தார்களாம். ஷ்யாமளா கையில் சாம்பார் கரண்டியோடு நின்று கேட்டாள். "சபரி எவ்ளோ அழகா சொல்றார்" என்று காரில் சொன்னாள். நான் ஹைவே எக்ஸிட்டைத் தவறவிட்டேன். அது தற்செயல்.

இன்னொன்று. நானும் சைவம், அவனும் சைவம். ஆனால் என்னுடையது பிறப்பிலேயே வந்தது, நான் ஒன்றும் செய்யவில்லை. அவன் வீட்டில் எல்லோரும் கறி சாப்பிடுகிறவர்கள். பன்னிரண்டு வயதில் இவன் மட்டும் தானாக விட்டிருக்கிறான். இதிலும் அவனுக்குத்தான் மார்க்.

அக்டோபர் 11

மோர்மிளகாய் குச்சியில் நிற்கிறது. தயிர்சாதம் நிற்கவில்லை.

அக்டோபர் 19, வியாழன்

மேனேஜர் ராண்டி எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். வசந்தத்திலிருந்து ஒசாகாவில் ஒருவர் ஒன்றரை வருடம் இருக்க வேண்டும். குடும்பத்தோடு போகலாம், வீடு தருவார்கள். உங்கள் இருவரில் ஒருவர் என்றார். நவம்பரில் ஹிராயமா டல்லாஸ் வருகிறார். இங்கேயே ஒரு ஜப்பானிய உணவகத்தின் தனியறையில் கைசெகி விருந்து, அவரே ஏற்பாடு. அதற்குப் பிறகு யார் என்று ஹிராயமா முடிவு சொல்வார்.

"சாப்பாட்டில் ஏதாவது பிரச்சினை உண்டா?" என்று கேட்டார் ராண்டி. சபரி உடனே, வெட்கமில்லாமல், நான் வெஜிடேரியன் என்றான். ராண்டியின் முகத்தில் ஒரு சின்னச் சுருக்கம் வந்ததைப் பார்த்தேன். அது எனக்குப் பிடித்திருந்தது.

"எனக்கு ஒன்றும் இல்லை" என்றேன்.

சபரி திரும்பி என்னைப் பார்த்தான்.

ஏன் அப்படிச் சொன்னேன்? யோசித்து நாளை எழுதலாம்.

அக்டோபர் 20

யோசிக்கவில்லை.

நவம்பர் 17, வெள்ளி

நேற்று விருந்து நடந்தது.

என் திட்டம் எளிமையானது. முள்ளங்கி, இலை, ஊறுகாய் இவற்றைச் சாப்பிடுவது, மற்றதை நாப்கினில் ஒளிப்பது. கைசெகியில் ஒரு தட்டுக்கு ஒரு வாய்தான் இருக்கும், அதையும் பரிமாறும் பெண் முழங்காலிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. முதலில் பச்சை மீன். மாத்திரை போல விழுங்கினேன். முப்பத்தாறு வருடச் சைவம் ஒரு மடக்கு க்ரீன் டீயோடு உள்ளே போயிற்று.

பக்கத்தில் சபரி மெல்ல, "மகாதேவன், இந்தத் தாமரைக் கிழங்கை எடுத்துக்கங்க. யாரும் பார்க்கல" என்றான். வேண்டாம் என்றேன். அவன் தட்டிலிருந்து பிச்சை வாங்கவா வந்தேன்?

நடுவில் ஒரு சின்னக் கிண்ணம் வந்தது. வெள்ளையாக, மிருதுவாக, மடிப்பு மடிப்பாக. டோஃபு. அப்பாடா என்றிருந்தது. நன்றாகவும் இருந்தது. தப்பு அங்கேதான் நடந்தது. விருந்து கொடுப்பவரைக் கௌரவிக்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான், இன்னும் கொஞ்சம் கேட்பது. எங்கள் வீட்டில் கேட்காவிட்டால் என்ன குறை என்பார்கள். இரண்டு கையாலும் கிண்ணத்தை நீட்டி, "வெரி நைஸ். லிட்டில் மோர், ப்ளீஸ்" என்றேன்.

கைசெகியில் யாரும் எதையும் இரண்டாம் முறை கேட்பதில்லையாம். பரிமாறும் பெண் ஹிராயமாவைப் பார்த்தாள். அவர் சமையலறைக்குச் சொல்லியனுப்பினார். இரண்டாவது கிண்ணம் வந்தது. பாதி சாப்பிட்டிருந்தபோது அவர் என் பக்கம் சாய்ந்து, வெளிநாட்டுக்காரர்கள் இது என்னவென்று தெரிந்ததும் நிறுத்திவிடுவார்கள், நீங்கள்தான் முதல்முறையாக மறுபடி கேட்டது என்றார். என்னது என்று கேட்டேன். காட் மீன் என்றார், ஆண் மீன். ஆண் மீனின் எந்தப் பகுதி என்பதை ராண்டி விளக்கினார். டெக்ஸஸ்காரர், விளக்கத்தில் தயக்கமே இல்லை. விந்துப் பை.

மீதிப் பாதியையும் சாப்பிட்டு முடித்தேன். தட்டில் மிச்சம் வைக்கக்கூடாது என்று வளர்த்திருக்கிறார்கள்.

இதைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். பொறுக்கமுடியாதது இனிமேல்தான். கடைசியில் சோறு வந்த பிறகு சமையல்காரர் வெளியே வந்தார், கிழவர். நேராகச் சபரியிடம் போய்த் தலைவணங்கினார். தன் குரு கோயில் மடத்தில் சமைத்தவராம், மீன் சாறு இல்லாத சமையலை இந்த ஊரில் யாரும் கேட்பதில்லை, கேட்டதற்கு நன்றி என்றார். கையோடு கொண்டுவந்த தட்டை அவன் முன் வைத்தார். ஒரு மேப்பிள் இலையின் மேல் கொஞ்சம் பெர்சிமன் பழம், செவ்வந்தி இதழ், மெல்லிய சோயாபால் ஆடை. மேஜையே கழுத்தை நீட்டி அவன் தட்டைப் பார்த்தது. நான் உட்பட.

உண்மையைச் சொன்னவனுக்கு இலை. எனக்கு அந்தப் பை.

நவம்பர் 25, சனி

எங்கள் கூட்டத்தில் மூத்தவரான பர்வதம் ஆன்ட்டி வீட்டில் பாட்லக். ஆன்ட்டி கேட்டேவிட்டார், "ஏண்டா மகாதேவா, ஜப்பான்காரா மீனையும் மாட்டையும் போட்டிருப்பாளே, என்ன பண்ணினே?"

நான் வாயைத் திறக்குமுன் சபரி, "எங்க ரெண்டு பேருக்கும் தனியா வெஜ் பண்ணிட்டாங்க ஆன்ட்டி. இவருக்குத் தாமரைக் கிழங்கு ரொம்பப் பிடிச்சிருச்சு" என்றான்.

பொய்யும் அவனுக்கு என்னைவிட நன்றாக வருகிறது. அதுவும் இன்னொருவனுக்காக.

நவம்பர் 28

ஷ்யாமளா சைனீஸ் கடைக்குப் போய்த் தாமரைக் கிழங்கு வாங்கி வறுத்திருந்தாள். எனக்குப் பிடிக்குமாமே. பிடித்திருக்கிறது என்றேன். உண்மையில் பிடித்துமிருந்தது.

டிசம்பர் 8, வெள்ளி

ஒசாகா எனக்குத்தான். சைவக்காரர் ஒன்றரை வருடம் அங்கே கஷ்டப்படுவார், இரண்டாவது கிண்ணம் கேட்டவரை அனுப்புங்கள் என்று ஹிராயமா சொன்னாராம். ராண்டி இதை என்னிடம் மட்டும் சொன்னார்.

சபரி வந்து கைகொடுத்தான். "செர்ரி பூக்கற நேரத்துல போறீங்க. நல்லா இருங்க." முகம் எப்படி இருந்ததோ, தெரியாது. நான் மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜெயித்த பிறகு பொறாமை போய்விடும் என்று நினைத்திருந்தேன். மத்தியானம் அவன் டிபன் பாக்ஸைத் திறந்து நிம்மதியாக எலுமிச்சை சாதம் சாப்பிட்டான். அதைப் பார்க்கவும் பொறுக்கவில்லை.

டிசம்பர் 15, வெள்ளி

மகள் விஷாகாவின் வகுப்பில் கிறிஸ்துமஸ் பார்ட்டி. ஹாட் சாக்லேட்டில் மார்ஷ்மெல்லோ போட்டுக் குடித்தேன் என்று வந்து சொன்னாள். அதில் ஜெலட்டின் இருக்கிறது, ஜெலட்டின் என்றால் எலும்பு என்று உட்காரவைத்து விளக்கினேன். எட்டு வயதுக்குப் புரியும்படி. அழுதாள். கொள்கை கொள்கைதான்.

ஜனவரி 22, 2001

ஷ்யாமளா கம்யூனிட்டி காலேஜில் ஜப்பானிய மொழி வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். ஃப்ரிட்ஜ், அடுப்பு, கதவு எல்லாவற்றிலும் சீட்டு ஒட்டியிருக்கிறது. விஷாகா பத்துவரை எண்ணுகிறாள். "சபரி சொன்ன அந்த ஹோட்டலுக்கு நம்ம மூணு பேரும் ஒருநாள் போலாம், வெஜ்தான் வேணும்னு முன்னாடியே சொல்லிடலாம்" என்கிறாள் ஷ்யாமளா. போகலாம் என்றேன்.

பிப்ரவரி 10, சனி

ராண்டி வீட்டுத் தோட்டத்தில் எனக்கு வழியனுப்பு விழா, குடும்பத்தோடு. ராண்டி பீர் பாட்டிலைத் தூக்கிப் பேசினார். அந்தக் கதையைத்தான். பச்சை மீன், விலாங்கு, பிறகு கிண்ணம். கிண்ணம் எது என்று சொன்னார். நான் கையை நீட்டியதை நடித்துக் காட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். சபரி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான், தட்டில் சுட்ட சோளம். ஷ்யாமளாவும் கைதட்டினாள். இரண்டு தரம்.

வீட்டு வாசலில் விஷாகா கேட்டாள், "அப்பா, ஸோ ஐ கேன் ஹேவ் மார்ஷ்மெல்லோஸ்?"

பிப்ரவரி 11

இன்று காலை ஷ்யாமளா பாத்திரம் தேய்த்துக்கொண்டே பேசினாள், என்னைத் திரும்பிப் பார்க்காமல்.

"மீன் தின்னது உங்க இஷ்டம். அதுக்கில்ல. அந்தக் குழந்தைய அழ விட்டேள். நான் சைனீஸ் கடை கடையா ஏறி இறங்கிக் கிழங்கு வறுத்தேன், உக்காந்து சாப்டேள். அன்னிக்காவது சொல்லிருக்கலாமோல்லியோ?"

சொல்லியிருக்கலாம். அப்ப ஏன் சொல்லல? சபரி சொன்ன பொய் அது, அதைக்கூட நான் சொந்தமா சொல்லல— என்ன எழுதறேன். போதும்.

பிப்ரவரி 14

ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த சீட்டு இல்லை. அடுப்பிலும் இல்லை.

பிப்ரவரி 23, வெள்ளி

கம்பெனி ட்ராவல் டெஸ்க்கிலிருந்து போன். மார்ச் 18, ஞாயிறு, டல்லாஸிலிருந்து ஒசாகா. விமானத்தில் எனக்கு வெஜ் இல்லை, சாதாரணச் சாப்பாடு என்று போட்டிருக்கிறார்கள். மூன்று டிக்கெட்டில் இரண்டை ரத்து செய்தாயிற்று.